20 வாட் ரேடியோ... உடையும் பனிப்பாளம்... 274 நாள்கள்! - யார் இந்த எர்ன்ஸ்ட் கிரென்கெல்?

ட்ரெக்கிங் போகிறவர்களுக்கு இந்த அனுபவம் கண்டிப்பா இருக்கும். மலை ஏற ஏற மொபைலில் டவர் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறையும். ஒரு வளைவைத் தாண்டினதும் சுத்தமா காணாமப் போயிடும். ஸ்டேட்டஸ் போட முடியாது, வீட்டுக்குப் போன் பண்ண முடியாது.

சிலருக்கு ஜாலி ஆரம்பிக்கிறதே அந்த இடத்தில்தான். இவர்களுடைய பேக்பேக்கில் டென்ட், ஸ்லீப்பிங் பேக், தண்ணி பாட்டிலோடு ஒரு கிலோகூட எடையில்லாத குட்டி ரேடியோ ஒண்ணும் இருக்கும். உச்சிக்குப் போனதும் ஒரு கம்பத்தை நட்டு, ஒயரை இழுத்துக் கட்டினா ஆன்டெனா ரெடி. ராத்திரி டென்ட்டுக்குள்ள உட்கார்ந்து, பேட்டரி கரண்டில், பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் முகம் தெரியாத யாரோ ஒருத்தரோடு பேசுவார்கள். டவர் வேண்டாம், டேட்டா வேண்டாம், ரீசார்ஜும் வேண்டாம். இதுக்குப் பேர் அமெச்சூர் ரேடியோ. செல்லமா, ஹாம் ரேடியோ. மலை உச்சியிலிருந்து பேசுவதற்கென்றே 'சம்மிட்ஸ் ஆன் தி ஏர்' என்ற திட்டம் 2002-ல் பிரிட்டனில் தொடங்கி, இப்போது பல நாடுகளில் நடக்கிறது. உச்சியிலிருந்து குறைந்தது 4 பேரோடு தொடர்பு கொண்டால்தான் பாயின்ட்.

இவர்களுக்கு இது ஒரு ராத்திரி விளையாட்டு. காலையில் டென்ட்டை மடிச்சுட்டு இறங்கிடலாம். ஆனால், இறங்க இடமே இல்லாத ஓர் இடத்தில், காலுக்குக் கீழே 4 கிலோமீட்டர் ஆழக் கடல் இருக்க, ஒரு பனிப்பாளத்தின் மேல் டென்ட் போட்டு 274 நாள்கள் ரேடியோவை உயிரோடு வைத்திருந்த மனிதர் ஒருத்தர் இருந்தார். எர்ன்ஸ்ட் கிரென்கெல். சோவியத் யூனியனின் ஹாம்களுக்கு அவர்தான் ஹீரோ. அரசாங்கமும் அவருக்கு அதே பட்டத்தைக் கொடுத்தது. அந்தக் கதையைத்தான் இப்போ பார்க்கப்போறோம்.

வேலை தேடின பையன்

1903 டிசம்பரில், அன்றைய ரஷ்யப் பேரரசில் இருந்த பியாலிஸ்டாக் நகரத்தில் பிறந்தவர் கிரென்கெல். இன்றைக்கு அந்த ஊர் போலந்தில் இருக்கிறது. வம்சாவளி ஜெர்மன். அப்பா ஆசிரியர். சின்ன வயசிலேயே குடும்பம் மாஸ்கோவுக்கு மாறிவிட்டது.

அவருடைய டீன்ஏஜ் முழுக்க உலகப்போர், புரட்சி, உள்நாட்டுப் போர், பஞ்சம். படிப்பை ஓரமா வைத்துவிட்டு, கிடைத்த வேலையெல்லாம் செய்தார். 1921-ல் மாஸ்கோவில் ரேடியோ ஆபரேட்டர் பயிற்சியில் சேர்ந்தார். மோர்ஸ் கோடு, அதாவது புள்ளியும் கோடுமாக எழுத்துகளைத் தட்டி அனுப்பும் மொழி, அவருக்கு டக்குனு பிடிபட்டது. விரலில் வேகம், காதில் கூர்மை. ஒரு நல்ல ஆபரேட்டருக்கு வேறென்ன வேணும்?

1924-ல் கப்பல் வேலை தேடி லெனின்கிராட் போனார். ஆனால் கிடைத்தது வேறொரு வேலை. நோவயா செம்ல்யா என்ற ஆர்க்டிக் தீவில் இருக்கும் மத்தோச்கின் ஷார் ஆய்வு நிலையத்துக்கு ரேடியோ ஆபரேட்டர் தேவைப்பட்டது. போனால் ஒரு வருஷம் திரும்ப முடியாது. குளிர்காலத்தில் மாதக்கணக்கில் சூரியனே வராது. அப்போ அவருக்கு 20 வயசு. சரின்னு கிளம்பிட்டார். அந்த ஒரு முடிவுதான் அவர் வாழ்க்கை மொத்தத்தையும் வடக்குப் பக்கம் திருப்பிவிட்டது.

யாருக்கும் வேண்டாத அலைவரிசை

இந்த இடத்தில் கொஞ்சம் டெக்னிக்கல் விஷயம். பயப்படாதீங்க, ஈஸிதான்.

அந்தக் காலத்தில் ரேடியோ என்றாலே நீண்ட அலைகள். அதுக்கு வானுயரக் கம்பங்கள், ராட்சத இயந்திரங்கள், எக்கச்சக்க மின்சாரம் தேவை. 200 மீட்டருக்குக் குறைவான குறுகிய அலைகள், அதாவது ஷார்ட்வேவ், தூரம் போகாது என்று நிபுணர்களே ஒதுக்கி வைத்திருந்தார்கள். அந்த 'வேண்டாத' அலைவரிசையைத்தான் பொழுதுபோக்குக்கு ரேடியோ செய்யும் ஹாம்களிடம் தள்ளிவிட்டார்கள். ஹாம்கள் அதை வைத்தே 1923 நவம்பரில் அமெரிக்காவுக்கும் பிரான்ஸுக்கும் இடையே அட்லான்டிக் கடலைத் தாண்டி இருவழியாகப் பேசிக் காட்டினார்கள்.

ரகசியம் இதுதான்: பூமிக்கு மேலே பல நூறு கிலோமீட்டர் வரை அயனோஸ்பியர் என்ற மின்னூட்ட அடுக்கு இருக்கிறது. ஷார்ட்வேவ் அதில் பட்டு, கேரம் போர்டு ஓரத்தில் மோதிய காய் மாதிரி, கீழே திரும்பி வரும். தரையில் பட்டு மறுபடி மேலே போகும். இப்படிக் குதிச்சுக் குதிச்சே பாதி உலகத்தைச் சுற்றிவிடும். குட்டி மெஷின் போதும்.

சோவியத் ஆர்க்டிக்கில் இந்த ஷார்ட்வேவைக் கொண்டுபோன முன்னோடிகளில் ஒருவர் கிரென்கெல். 1927-ல் இரண்டாவது முறையாக மத்தோச்கின் ஷார் போனபோது ஷார்ட்வேவ் டிரான்ஸ்மிட்டரோடு போனார்.

அதே காலத்தில்தான் உலகத்தையே திரும்பிப் பார்க்கவைத்த ஒரு சம்பவம் நடந்தது. 1928 மே மாதம் இத்தாலியத் தளபதி நோபிலேயின் 'இத்தாலியா' வான்கப்பல் ஆர்க்டிக் பனியில் விழுந்தது. பிழைத்தவர்களிடம் இருந்தது ஒரு சின்ன அவசரகால ஷார்ட்வேவ் செட் மட்டும். அவர்கள் அனுப்பிய எஸ்.ஓ.எஸ். பல நாள்கள் யார் காதிலும் விழவில்லை. ஜூன் 3 அன்று, ரஷ்யாவின் வொஸ்னெசென்யே-வோக்மா என்ற கிராமத்தில், நிகோலாய் ஷ்மித் என்ற இளம் ஹாம், தானே செய்த ரிசீவரில் அதைப் பிடித்தார். அதன் பிறகுதான் அவர்கள் உயிரோடு இருப்பது உலகத்துக்குத் தெரிந்தது. நிகோலாய் ஷ்மித்தின் பெயரை ஞாபகம் வெச்சுக்கோங்க. கதையின் கடைசியில் அவர் மறுபடி வருவார்.

உலகத்தின் இரண்டு நுனிகள்

1929-ல் கிரென்கெல் இன்னும் வடக்கே போனார். ஃபிரான்ஸ் ஜோசப் லேண்ட் தீவுக்கூட்டத்தில் டீஹாயா வளைகுடா. துருவத்திலிருந்து சுமார் 1,000 கிலோமீட்டர் தூரம்தான்.

1930 ஜனவரி 12. வெளியே 24 மணி நேரமும் இருட்டு. வழக்கம்போல யாராவது கிடைக்கிறார்களா என்று கூப்பிட்டுப் பார்த்தார். ஒரு பதில் வந்தது. எங்கே இருக்கீங்க என்று விசாரித்தால், அந்தப் பக்கம் இருப்பது அன்டார்க்டிகா! அமெரிக்கர் ரிச்சர்ட் பேர்டின் ஆய்வுக்குழு முகாம். இங்கே விடியாத ராத்திரி, அங்கே மறையாத சூரியன். ஆர்க்டிக்கும் அன்டார்க்டிகாவும் நேரடியாகப் பேசிக்கொண்டன. கிட்டத்தட்ட 20,000 கிலோமீட்டர். பூமியின் சுற்றளவே 40,000 கிலோமீட்டர்தான் என்பதால், இதைவிடத் தூரமாக இந்தப் பூமியில் யாரோடும் பேச முடியாது. அன்றைக்கு அது உலக சாதனை.

அடுத்த வருஷம், 'கிராஃப் செப்பலின்' என்ற பிரமாண்ட ஜெர்மன் வான்கப்பல் ஆர்க்டிக் ஆய்வுக்குப் பறந்தபோது, சோவியத் தரப்பு ரேடியோ ஆபரேட்டராக அதில் போனார். 1932-ல் 'சிபிரியாகோவ்' கப்பல் வடக்குக் கடல் பாதையை ஒரே பருவத்தில் முதல்முறையாகக் கடந்தபோதும் ரேடியோ அறையில் இருந்தது அவர்தான். வடக்கே எந்தப் பெரிய பயணம் கிளம்பினாலும், கிரென்கெல் வர்றாரா என்று கேட்கும் நிலை வந்துவிட்டது.

கப்பல் மூழ்கிய மதியம்

1933-ல் 'செல்யூஸ்கின்' என்ற நீராவிக் கப்பல் அதே பாதையில் கிளம்பியது. ஓட்டோ ஷ்மித் என்ற விஞ்ஞானி தலைமை. பெண்களும், ஒரு சின்னக் குழந்தையும் இருந்தார்கள். வழியில் காரா கடலில் கப்பலிலேயே ஒரு பெண் குழந்தை பிறந்தது. அந்தக் கடலின் பெயரையே ஒட்டி, கரீனா என்று பெயர் வைத்தார்கள்.

முக்கால்வாசி தூரம் போனபிறகு கப்பலைச் சுற்றிப் பனி இறுகிவிட்டது. மாதக்கணக்கில் பனியோடு சேர்ந்து மிதந்தார்கள். 1934 பிப்ரவரி 13 அன்று, பனிப்பாளங்கள் நெருக்கி கப்பலின் பக்கத்தைக் கிழித்தன. சில மணி நேரத்தில் கப்பல் காணவில்லை. ஒருவர் கப்பலோடு போய்விட்டார். மீதி 104 பேர் சுக்சி கடலின் பனி மேல் நின்றார்கள். அதில் 10 பெண்கள், 2 குழந்தைகள்.

அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பது உலகத்தில் யாருக்கும் தெரியாது. தெரிய வேண்டுமென்றால் ஒரே வழி ரேடியோ. கப்பலிலிருந்து காப்பாற்றிய அவசரகால செட், கொஞ்சம் பேட்டரிகள். அவ்வளவுதான். மைனஸ் 30 டிகிரி அளவுக் குளிரில் கம்பம் நட்டு ஆன்டெனா கட்ட வேண்டும். ஒயரை முறுக்கக் கையுறையைக் கழற்றியே ஆகணும். கழற்றினால் விரல் மரத்துப்போகும். விரல் போனால் மோர்ஸ் கோடு தட்ட முடியாது. முடிச்சுப் போட்டு, கையைச் சூடு பண்ணி, மறுபடி முடிச்சுப் போட்டு... அப்படித்தான் அந்த ஆன்டெனா எழுந்தது.

முதல் அழைப்புகளுக்குப் பதில் இல்லை. மறுநாள், கரையில் இருந்த உயெலன் என்ற ஊரின் ரேடியோ நிலையம் அவர் குரலைப் பிடித்தது. அங்கே ஆபரேட்டராக இருந்தவர் லுத்மிலா ஷ்ரேடர் என்ற இளம் பெண். அடுத்த 2 மாதங்கள், 104 பேரின் உயிரும் இந்த இரண்டு ஆபரேட்டர்களின் விரல் நுனியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

விமானம் இறங்க வேண்டுமென்றால் பனியைச் செதுக்கி ஓடுதளம் அமைக்கணும். அமைத்தால், மறுநாள் அது பிளந்துவிடும். இன்னொன்று அமைக்கணும். எது உருப்படியாக இருக்கிறது, காற்று எந்தப் பக்கம், மூடுபனி எவ்வளவு... எல்லாத் தகவலும் கிரென்கெலின் டென்ட்டிலிருந்துதான் போகணும். பேட்டரியையும் மிச்சப்படுத்தணும். மொபைலில் 2 சதவிகிதம் சார்ஜ் இருக்கும்போது நமக்கு வரும் பதற்றத்தை நினைச்சுப் பாருங்க. அவர் அதோடு 2 மாதம் வாழ்ந்தார்.

மார்ச் 5 அன்று முதல் விமானம் இறங்கி, பெண்களையும் குழந்தைகளையும் தூக்கிச்சென்றது. ஏப்ரல் 13-ல் கடைசி ஆள்கள் ஏறினார்கள். ரேடியோ ஆபரேட்டர் கடைசிவரை இருந்தாக வேண்டும் என்பதால், கடைசி 6 பேரில் ஒருவர் கிரென்கெல். முகாம் முடிந்தது என்று செய்தி அனுப்பி, கப்பலின் அழைப்புக் குறியை மூன்று முறை தட்டிவிட்டு, செட்டை அணைத்தார்.

அந்தக் குறி ஆர்.ஏ.இ.எம். வண்டிக்கு நம்பர் பிளேட் மாதிரி, ஒவ்வொரு ரேடியோவுக்கும் ஓர் அடையாளக் குறி உண்டு. மூழ்கிய கப்பலின் அந்தக் குறியை, பின்னாளில் கிரென்கெலின் சொந்தக் குறியாகவே கொடுத்துவிட்டார்கள். ஹாம்களின் குறிகளில் பொதுவாக ஒரு எண் இருக்கும். எண்ணே இல்லாத இந்த நான்கு எழுத்து, உலகம் முழுக்க அவரை மட்டுமே குறித்தது.

துருவத்தில் டென்ட்

1937 மே 21. வட துருவத்துக்கு சுமார் 20 கிலோமீட்டர் அருகே ஒரு பனிப்பாளத்தில் சோவியத் விமானம் இறங்கியது. பாளத்தின் தடிமன் சுமார் 3 மீட்டர். அதன்மேல் முகாம் போட்டு, அது மிதந்து போகும் இடமெல்லாம் ஆய்வு செய்வதுதான் திட்டம். நான்கு பேர்: தலைவர் பாப்பானின், கடல் ஆய்வாளர் ஷிர்ஷோவ், வானிலையும் காந்தப்புலமும் பார்க்கும் ஃபியோதரோவ், ரேடியோவுக்குக் கிரென்கெல். கூடவே வெஸ்யோலி என்ற நாய். ஜூன் 6-ல் விமானங்கள் கிளம்பின. அதன்பின் வெளியுலகத்தோடு அவர்களுக்கு இருந்த ஒரே கயிறு ரேடியோ.

டிரான்ஸ்மிட்டரின் சக்தி 20 வாட். வீட்டு டியூப் லைட் அளவுதான். ஆனால் பேட்டரிகள், ஜெனரேட்டர் எல்லாம் சேர்த்தால் எடை கிட்டத்தட்ட அரை டன். இன்றைக்கு மலையேறும் ஹாம் முதுகில் சுமப்பது சில கிலோ! பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றக் காற்றாலை வைத்திருந்தார்கள். காற்று அடிக்காத நாளில் கையாலும் காலாலும் சுற்றி மின்சாரம் எடுத்தாகணும்.

தினமும் 4 முறை வானிலைத் தகவல் போக வேண்டும். புயலடித்தாலும், காய்ச்சல் வந்தாலும் லீவு கிடையாது. மற்றவர்கள் தூங்கும் ராத்திரிகளில் பெரும்பாலும் முழித்திருந்தவர் கிரென்கெல். அந்த நேரத்தில் முகாம் வேலை போக, உலகத்து ஹாம்களையும் கூப்பிடுவார். தன் வீட்டு அறையில் ஹெட்போனோடு உட்கார்ந்திருக்கும் ஒருத்தருக்கு வட துருவத்திலிருந்தே பதில் வந்தால் எப்படி இருக்கும்!

அந்த ஜூனில் பைலட் சக்காலோவ் மாஸ்கோவிலிருந்து துருவத்தின் மேலாக அமெரிக்காவுக்கு நிற்காமல் பறந்தார். வழியில் வானிலை சொன்னது இந்தக் குட்டி முகாம். ஆகஸ்ட்டில் அதே வழியில் கிளம்பிய லெவனேவ்ஸ்கியின் விமானம், 6 பேரோடு துருவத்தைத் தாண்டியதும் மௌனமாகிவிட்டது. கிரென்கெல் அந்த விமானத்தின் அலைவரிசையில் காது வைத்துக் காத்திருந்தார். பதிலே வரவில்லை. அந்த விமானம் இன்றுவரை கிடைக்கவில்லை.

பாளம் தெற்கே நகர்ந்து நகர்ந்து கிரீன்லாந்து கடலுக்கு வந்தது. 1938 பிப்ரவரி 1-ல், பல நாள் புயலுக்குப் பிறகு, பாளம் துண்டு துண்டாக உடைந்தது. மிஞ்சிய துண்டு 300 மீட்டருக்கு 200 மீட்டர். அதுவும் நாளுக்கு நாள் சின்னதாகிக்கொண்டே போனது. தங்களைக் காப்பாற்ற ஒரு வான்கப்பல் கிளம்பியது. ஆனால் அது வழியிலேயே மலையில் மோதி, அதில் இருந்த 19 பேரில் 13 பேர் இறந்துபோனார்கள். நான்கு பேரின் உயிருக்காக 13 உயிர்.

இந்த நிலையிலும் வானிலைத் தகவல் நிற்கவில்லை. எங்கே இருக்கிறோம் என்பதை ரேடியோ சொல்லிக்கொண்டே இருந்ததால்தான் கப்பல்களால் தேடி வர முடிந்தது. பிப்ரவரி 19-ல் 'தைமீர்', 'முர்மான்' என்ற 2 கப்பல்கள் பனியை உடைத்து நெருங்கின. நான்கு பேரும் நாயும் பத்திரம். 274 நாள்கள், 2,000 கிலோமீட்டருக்கும் அதிகமான மிதவைப் பயணம். துருவத்தில் நிலமே இல்லை, 4,000 மீட்டருக்கும் ஆழமான கடல்தான் இருக்கிறது என்பதை அளந்து காட்டியது இந்தக் குழுதான். நான்கு பேருக்கும் 'சோவியத் யூனியனின் ஹீரோ' பட்டம் கிடைத்தது.

அதே விரல், வேறு விதி

இங்கேயே முடித்தால் இது ஒரு சாகசக் கதை. ஆனால், அந்தக் காலத்து சோவியத் யூனியனில் வெளிநாட்டுக்காரரோடு பேசுவதே சந்தேகத்துக்குரிய விஷயம். ஹாம்களின் பொழுதுபோக்கே வெளிநாட்டுக்காரரோடு பேசுவதுதான். பேசினதற்கு அத்தாட்சியாகத் தபாலில் கார்டு வேறு அனுப்பிக்கொள்வார்கள்.

செப்பலினில் கிரென்கெலோடு பறந்த ஆய்வுக்குழுத் தலைவர் சமோயலோவிச் 1939-ல் சுட்டுக்கொல்லப்பட்டார். 1941-ல் போர் வந்ததும் ஹாம்களின் லைசென்ஸ் எல்லாம் ரத்து. கைக்காசு போட்டுச் செய்த ரேடியோக்களை ஒப்படைக்க வேண்டியிருந்தது. ஜெர்மன் வம்சாவளியினர் லட்சக்கணக்கில் சொந்த ஊரிலிருந்து நாடுகடத்தப்பட்டார்கள்.

நோபிலேயின் எஸ்.ஓ.எஸ்-ஐப் பிடித்த நிகோலாய் ஷ்மித் ஞாபகம் இருக்கா? ஒரு காலத்தில் நாடே கொண்டாடிய அந்த ஹாமை, 1942-ல் தாஷ்கண்ட்டில் சுட்டுக்கொன்றார்கள். குற்றமற்றவர் என்று அறிவிக்க 1980-கள் வரை ஆனது.

இரண்டு பேருக்கும் ஒரே பொழுதுபோக்கு. இரண்டு பேருமே பனியில் சிக்கியவர்களின் குரலை உலகத்துக்குக் கொண்டுபோனவர்கள். இரண்டு பேருக்குமே ஜெர்மன் பெயர். ஒருத்தர் மார்பில் பதக்கம், இன்னொருத்தர் மார்பில் குண்டு. கிரென்கெலின் திறமை நிஜம். ஆனால் அவர் பிழைத்ததில் அதிர்ஷ்டத்தின் பங்கும் நிஜம்.

ராத்திரியில் ஆர்.ஏ.இ.எம்.

போருக்குப் பிறகு ஹாம் ரேடியோவுக்கு மறுபடி அனுமதி வந்தது. நாடறிந்த ஹீரோ கிரென்கெல், மாஸ்கோ வீட்டில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பள்ளிக்கூடப் பையனோடும் வெளிநாட்டு எஞ்சினீயரோடும் ஒரே மாதிரி மோர்ஸ் கோடு தட்டிப் பேசினார். ஆர்.ஏ.இ.எம். என்று காதில் விழுந்தால் ஹாம்களுக்குக் கை நடுங்குமாம். சோவியத் ரேடியோ விளையாட்டுக் கூட்டமைப்பின் தலைவராக இருந்தார். தபால்தலை சேகரிப்பாளர் சங்கத்துக்கும் அவர்தான் தலைவர். தூரத்திலிருந்து வரும் எதுவாக இருந்தாலும் அவருக்குப் பிடிக்கும்போல!

1971 டிசம்பர் 8-ல் மாஸ்கோவில் இறந்தார். ஃபிரான்ஸ் ஜோசப் லேண்டில், அவர் அன்டார்க்டிகாவோடு பேசிய அதே தீவுக்கூட்டத்தில், ஓர் ஆய்வு நிலையம் இன்றும் அவர் பெயரில் இருக்கிறது.

சாட்டிலைட் போன் காலத்தில் இதெல்லாம் எதுக்கு என்று தோணலாம். 2004 சுனாமியில் அந்தமானில் போன் லைன்கள் செத்தபோது, அங்கேயிருந்து உறவுகளுக்குத் தகவல் அனுப்பியவர்களில் ஹாம்களும் உண்டு. இந்தியாவில் 12 வயது முடிந்த யாரும் மத்திய தொலைத்தொடர்புத் துறையின் தேர்வு எழுதி லைசென்ஸ் வாங்கலாம். லைசென்ஸ் இல்லாமல் டிரான்ஸ்மிட் பண்ணுவது சட்டப்படி தப்பு. அதனால் ரேடியோ வாங்குவதற்கு முன்னாடி தேர்வுக்குப் படிங்க.

லைசென்ஸ் வாங்கி, பேக்பேக்கில் ரேடியோவைப் போட்டுக்கொண்டு ஒரு மலையில் ராத்திரி தங்கப் போனீர்கள் என்றால், கிரென்கெலிடமிருந்து ஒரு பழக்கத்தை எடுத்துட்டுப் போங்க. டென்ட் போட்டதும் முதல் வேலை ஆன்டெனா. டீ அப்புறம் போட்டுக்கலாம்.